சூதும் வெண்பாக்கத்து ஊன்றுகோலும்



வள்ளுவப் பெருந்தகையார் சூது என்னும் அதிகாரத்தைத் தொடங்குமிடத்தில் எடுத்தாண்ட உவமை, கடற்கரை வாழும் மக்களுக்கு உரையாசிரியர் துணை வேண்டாத உவமையாகும். சூதிலே கிடைக்கும் வெற்றிப்பொருளை, மீன் விழுங்கிய தூண்டில் முள்ளுக்கு அவர் ஒப்பிட்டார். உள்நாட்டார் இதனைக் கேட்டு, இரையைக் காட்டி ஏமாற்றுதல் என்ற அளவிலே பொருள் கொண்டு அமைவர். காட்டுப்பள்ளியிலும் பழவேற்காட்டு ஏரியைச் சூழ்ந்த குப்பங்களிலும் வாழும் மீனவப் பெருமக்களோ அதற்கு மேலும் ஒன்று அறிவர். முள்ளை விழுங்கிய மீன் உடனே கரைக்கு வந்துவிடுவதில்லை. நரம்பைத் தளர்த்தி விட்டால் அது நீருக்குள்ளேயே சிறிது நேரம் நீந்துகின்றது. உடன் நீந்தும் மற்ற மீன்களுக்கு அது தம்மோடு இருப்பதாகவே தோன்றும். நரம்பின் மறுமுனை வேறொருவன் கையில் இருப்பது அவற்றுக்குத் தெரிவதில்லை. சூதிலே சிக்கிய ஒருவன் தன் வீட்டிலே உண்டு உறங்கி, மனைவி மக்களோடு பேசிச் சிரித்துக்கொண்டிருக்கும் நிலை இதுவே.

இதனை இங்கு விரித்துப் பேசுவதற்குக் காரணம் உண்டு. திருவிழாச் சொற்பொழிவு முடிந்து திருநீறு பெறும் வேளையிலே, கூட்டம் கலையும்வரை காத்திருந்து, தூணோரமாக வந்து நின்று தாழ்ந்த குரலில் பேசும் தாய்மார்களை யாம் பல ஊர்களில் கண்டிருக்கின்றோம். மகன் குடிக்கின்றான் என்பதை உரக்கச் சொல்லும் தாயும், மகன் சூதாடுகின்றான் என்பதைக் காதோடு காதாகவே சொல்கின்றாள். அவள் கேட்கும் கேள்வி, "சாமி, அவன் கேட்கின்ற பணத்தைக் கொடுக்கட்டுமா, வேண்டாமா?" என்பது. கொடுத்தால் அது எங்கே போகும் என்று அவளுக்குத் தெரியும். கொடாவிட்டால் கடன்காரன் வாசலில் நிற்பான். மகன் ஏதேனும் செய்துகொள்வானோ என்ற அச்சம் இரவெல்லாம் அவளை உறங்கவிடாது. இக்கேள்விக்கு ஒரு சொல்லில் விடை கூறுபவர் அதன் ஆழத்தை அறியாதவர் என்றே யாம் கருதுகின்றோம். நம் முன்னோர் நூல்களில் இதற்கு விடை இருக்கின்றதா என்பதே இங்கு ஆராயும் பொருள்.

முதலிலே, சூது எதனைக் கெடுக்கின்றது என்று தெளிதல் வேண்டும். பொருளைக் கெடுக்கின்றது என்பர். அது உண்மையே. ஆயினும் பொருள் இரண்டாவதாகவே போகின்றது. முதலில் போவது சொல்.

பழவேற்காட்டு ஏரியிலே 'பாடு' என்ற ஏற்பாடு ஒன்று தலைமுறை தலைமுறையாக இருந்து வருகின்றது. வலை போடுவதற்குரிய நல்ல இடங்களை, உரிமை உடையவர்கள் முறைவைத்து மாறி மாறிப் பெறும் ஏற்பாடு அது. இன்று அவனுடைய முறை, நாளை என்னுடைய முறை என்று ஒருவன் கரையிலே பொறுத்திருக்கின்றான் என்றால், நாளை அந்த முறை தனக்குத் தவறாமல் வரும் என்ற நம்பிக்கையே அதற்குக் காரணம். கண்ணுக்குத் தெரியும் வலைக்கு அடியிலே கண்ணுக்குத் தெரியாத இந்த வலை கிடக்கின்றது. கடலுக்குச் சென்றவனுடைய வருவாயும் இக்கரையில் ஒளிவின்றி இருந்தது. மீன் மணலிலே கொட்டப்படும், ஏலம் ஊரார் காதுகேட்க நடைபெறும், கூடை சுமந்து விற்று வரும் பெண்ணின் முந்தானையிலே காசு முடியப்படும். அன்றைக்கு இன்னார் வீட்டிலே எவ்வளவு வந்தது என்பது அண்டை வீட்டாருக்கும் தெரியும். சூதாடுபவனும் அன்று மரத்தடியிலோ படகின் மறைவிலோ நான்கு பேரோடு அமர்ந்தே ஆடவேண்டியிருந்தது. சீட்டுக்கட்டை எடுத்தவனை அன்று மாலையே ஊர் அறிந்துவிடும்.

காட்டுப்பள்ளியிலே துறைமுகம் இயங்கத் தொடங்கியது. இத்தகைய இடங்களில் வேலைக்குச் செல்வோர்க்குச் சம்பளம் வங்கிக் கணக்கிலே விழுகின்றது. மீன் விற்ற பணமும் இன்று பல இடங்களில் கைப்பேசி வழியாகவே கைமாறுகின்றது. இது தீமை என்று யாம் சொல்லவில்லை. வருவது கண்ணுக்குத் தெரியாதபோது, போவதும் கண்ணுக்குத் தெரியாது என்பதை மட்டும் குறிக்கின்றோம். பக்கத்திலே படுத்திருக்கும் மனைவிக்குத் தெரியாமல், போர்வைக்குள் இருந்தபடியே ஒருவன் ஒரு மாதச் சம்பளத்தை ஓர் இரவில் தோற்கக்கூடிய காலம் இது. மரத்தடிச் சூதுக்கு இருந்த வெட்கம் இந்தச் சூதுக்கு இல்லை.

அரசாங்கத்தாரும் இதனோடு நெடுங்காலமாகப் போராடியே வருகின்றனர். சூதாட்டத் தடைச்சட்டம் சென்னை மாகாணத்திலே 1930இல் இயற்றப்பெற்றது. அதே நிலத்தில் 1968இல் அரசே பரிசுச் சீட்டு நடத்தத் தொடங்கியதும், பின்னர் அன்றாடக் கூலி முழுவதும் சீட்டுக்கடைக்குப் போகக் கண்டு 2003இல் எல்லா லாட்டரிச் சீட்டுகளும் தடுக்கப்பெற்றதும் பெரியோர் நினைவிலே இருக்கும். கைப்பேசிச் சூதினால் உயிரை மாய்த்துக்கொண்டவர்களின் செய்தி மிகவே, தமிழ்நாட்டுச் சட்டமன்றம் 2021இலும் அதன் பின்னும் சட்டங்கள் செய்தது. அவை நீதிமன்றங்களிலே வழக்காடப்பெற்றன. 2025 ஆகஸ்டு மாதத்திலே, பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்து நாடாளுமன்றமே சட்டம் இயற்றியது. இவையெல்லாம் நல்லனவே. ஆனால் சட்டம் கடையை அடைக்கும். கடைக்குப் போய்ப் பழகிய காலை என் செய்வது என்பது வீட்டாரின் பொறுப்பாகவே எஞ்சி நிற்கின்றது.

இவ்விடத்திலே சூதாடுவோர் கூறும் இரண்டு சமாதானங்களுக்கு விடை கூறிவிடுதல் நலம்.

"கடலுக்குப் போவதே சூதாட்டந்தான். ஒருநாள் படகு நிறையும், ஒருநாள் டீசல் காசுகூட வராது. அதற்கு இது எவ்வகையில் தாழ்வு?" என்பது ஒன்று. இதற்கு நுழைப்பாடியிலே வாழ்ந்த அதிபத்த நாயனார் விடையாக நிற்கின்றார். நாகைக் கடற்கரையிலே பரதவர் தலைவராக விளங்கிய அவர், வலையிலே கிடைக்கும் மீன்களுள் தலைமீனைச் சிவபெருமானுக்கென்று கடலிலேயே விட்டுவந்தார். பல நாள் ஒரே ஒரு மீனே கிடைத்து வீடு பசியால் வாடியபோதும், அந்த ஒன்றையும் விட்டார். ஒருநாள் பொன்னாலும் மணியாலும் ஆகிய மீன் ஒன்று வந்தபோதும், அதுவே அன்றைய தலைமீன் என்று கடலிலே விட்டார். நிலையற்ற தொழில் அவருடையதும்தான். ஆனால் இழந்ததை மீட்கவேண்டும் என்ற வெறி அவரிடம் ஒருநாளும் தோன்றவில்லை. வெறுங்கையோடு திரும்பிய மீனவன் மறுநாள் காற்றையும் நீரோட்டத்தையும் பார்த்து வலையைத் தைத்துக்கொண்டு போகின்றான். சூதாடி மறுநாள் நேற்றைய இழப்பைப் பார்த்துக்கொண்டு போகின்றான். இருவர் பார்வையும் செல்லும் இடம் வேறு. கடல் ஒருவனைப் பொய் சொல்ல வைப்பதுமில்லை.

மற்றொன்று, "நாயன்மாரிலேயே சூதாடினவர் உண்டே!" என்பது. உண்டு. நம் தொண்டை நாட்டுத் திருவேற்காட்டிலே தோன்றிய மூர்க்க நாயனார் அவர். அடியார்க்கு அமுதளித்துப் பொருளெல்லாம் தீர்ந்தபின், தாம் முன்பே கற்றிருந்த சூதினால் பொருள் ஈட்டி அத்திருத்தொண்டை நடத்தினார். தம் ஊரிலே தம்மோடு ஆடுவார் இல்லாமற் போகவே, பல ஊர்களுக்கும் சென்று குடந்தையை அடைந்தார் என்று சேக்கிழார் பெருமான் கூறுகின்றார். ஆனால் அவர் சூதிலே வந்த பொருளைத் தம் கையாலும் தீண்டவில்லை. அமுது ஆக்குவோர் எடுத்துக்கொள்ளும்படி விட்டு, அடியாரெல்லாம் உண்டபின் கடைப்பந்தியிலே தாம் உண்டார். தோற்றும் தோற்றதை மறுத்தவரைச் சுரிகையால் குத்தினார் என்பதனாலேயே மூர்க்கர் என்ற பெயர் வந்தது. தமக்கென ஒரு காசும் கொள்ளாத அவரை மேற்கோள் காட்டுவோர், கடைப்பந்தியை மட்டும் வசதியாக மறந்துவிடுகின்றனர். உண்டியலிலே ஒரு ரூபாய் இட்டு ஆயிரம் ரூபாய் ஆட்டத்திலே வெல்ல அருள வேண்டும் என்று வேண்டுவோரும் உளர். இறைவனை ஆட்டத்தில் பங்காளியாக்கும் இவர்களைப் பற்றி மேலும் பேச யாம் விரும்பவில்லை.

இனி, சொல் எவ்வாறு போகின்றது என்பதைக் காண்போம். ஒரு வீடு இருப்பதாக வைத்துக்கொள்வோம். கணவன் படகுக்குப் போகின்றான், மனைவி மீன் விற்று மாதச் சீட்டுக் கட்டுகின்றாள். ஒருநாள் சீட்டுப் பணம் பெட்டியிலே இல்லை. கேட்டால், "எஞ்சின் பழுது, கொடுத்துவிட்டேன்" என்கின்றான். நம்புகின்றாள். அடுத்த மாதம் கம்மல் அடகுக்குப் போகின்றது. கூட்டாளிக்கு ஆபத்து என்கின்றான். பாதி நம்புகின்றாள். மூன்றாம் முறை, மைத்துனனிடமும் மாமனாரிடமும் தனித்தனியே கடன் வாங்கியிருப்பதும், ஒவ்வொருவரிடமும் ஒவ்வொரு காரணம் சொல்லியிருப்பதும் வெளிப்படுகின்றன. அழுகின்றான். பிள்ளை தலையிலே கைவைத்துச் சத்தியம் செய்கின்றான். அந்த நேரத்தில் அச்சத்தியம் உண்மையே. அவன் நடிப்பதில்லை. பத்து நாள் கழித்து மீண்டும் போகின்றான்.

பின்னொரு நாள் எஞ்சின் மெய்யாகவே பழுதாகின்றது. அன்று அவன் சொல்வது உண்மை. நம்புவார் எவருமில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல், மருந்துக்குப் பணம் வேண்டும் என்கின்றான். மனைவி தானே மருந்துக் கடைக்கு நடக்கின்றாள். அவள் கொடியவள் அல்லள். அவனுடைய உண்மைக்கும் பொய்க்கும் முகம் ஒன்றாகிவிட்டது. உதவ விரும்புவோர்க்கு இதனினும் பெரிய தடை இல்லை. வயிற்றுவலிக்காரனுக்கு மருத்துவன் உதவுவது, இங்கே வலிக்கின்றது என்று அவன் காட்டும் இடத்தை நம்பித்தான். காட்டும் இடம் பொய்யானால் மருத்துவன் எதனைத் தொடுவான்? இவ்வளவு கடன் என்று அவன் ஒப்புக்கொள்ளும் தொகைக்குப் பின்னால் எப்பொழுதும் ஒப்புக்கொள்ளாத ஒரு தொகை இருக்கின்றது.

இந்நிலையில் உறவினர் இரண்டில் ஒன்றைச் செய்கின்றனர். இரண்டுக்கும் பழைய நூல்களில் சான்று உண்டு.

இருக்கு வேதத்தின் பத்தாம் மண்டலத்திலே சூதாடி ஒருவன் தன் நிலையைத் தானே கூறிப் புலம்பும் சூக்தம் ஒன்று உள்ளது. தான்றிக்காய்களே அக்காலத்தில் சூதுக்காய்கள். இனி ஆடுவதில்லை என்று அவன் உறுதி செய்கின்றான். காய்கள் உருளும் ஓசை காதிலே விழுந்தவுடன் கால்கள் தாமே நடக்கின்றன. மாமியார் வெறுக்கின்றாள், மனைவி விலகுகின்றாள். கடன்காரர் வந்து நிற்கையில் தாயும் தந்தையும் உடன்பிறந்தாரும், இவனை நாங்கள் அறியோம், கட்டி இழுத்துச் செல்லுங்கள் என்று கூறிவிடுகின்றனர். மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன் கூறப்பெற்ற இது, நேற்று நம் தெருவிலே நடந்தது போல இருக்கின்றதன்றோ? கைவிடுதல் என்பது இந்த முதல் வழி. அவ்வாறு விடப்பட்டவன் திருந்தியதாக அச்சூக்தம் கூறவில்லை. இரவிலே பிறர் வீடுகளைத் தேடிப் பணத்துக்கு அலைந்தான் என்றே கூறுகின்றது.

மற்றொரு வழி பாரதத்திலே உள்ளது. தொண்டை நாட்டுத் திரௌபதியம்மன் திருவிழாக்களிலே சூது துகில் கூத்தைக் கண்டிராதவர் சிலரே. நாடும் தம்பியரும் தாமும் தேவியும் தோற்கப்பட்டதையும், துகில் வளர்ந்ததையும் கண்ணீரோடு காண்கின்றோம். அதற்கு அடுத்து நடந்ததை நாம் கவனிப்பதில்லை. வியாச பாரதத்தின்படி, திருதராட்டிரன் அஞ்சித் திரௌபதிக்கு வரங்கள் தந்து, தோற்றவை அனைத்தையும் தருமருக்குத் திருப்பிக் கொடுத்துவிடுகின்றான். நாடும் நகரும் தேரும் படையும் ஒன்றும் குறையாமல் வந்துவிட்டன. கடன் முழுதும் தீர்ந்தது. இந்திரப்பிரத்தம் நோக்கிப் புறப்பட்டவரை வழியிலேயே மீண்டும் அழைக்கின்றனர். தருமர் திரும்பி வருகின்றார், ஆடுகின்றார், காடு செல்கின்றார். மூத்தோர் ஆணையை மறுக்கலாகாது என்று அவர் கருதினார் என்பர். அது அவருக்குரிய தருமம். நாம் நோக்குவது, அவரைப்போன்ற அறவோனுக்கும் முழுக்கடனைத் தீர்த்துக் கொடுத்தது காவலாகவில்லை என்பதையே. நகையை விற்றும் நிலத்தை விற்றும் மகனுடைய கடனை ஒரே நாளில் அடைத்து, "இனி நன்றாக இரு" என்று வாழ்த்தி அனுப்பும் தந்தையர் திருதராட்டிரன் செய்ததையே செய்கின்றனர். வெறுமையான பலகையிலே புது ஆட்டம் தொடங்குகின்றது. இம்முறை கடன் கொடுப்பவனுக்கும் துணிவு மிகுதி. தந்தை கட்டுவார் என்பதை அவன் கண்டுகொண்டானல்லவா!

கைவிடுதலும் பிழை, கொட்டிக் கொடுத்தலும் பிழை எனின், மூன்றாவது வழி யாது?

அதற்குமுன் இது நோயா, குற்றமா என்பதையும் ஒரு சொல் கூறிவிடுவோம். அமெரிக்க மனநல மருத்துவர்களின் சங்கம் 1980இல் கட்டுக்கடங்காச் சூதாட்டத்தை நோய்ப்பட்டியலிலே சேர்த்தது. 2013இல் அதனை மது முதலியவற்றுக்கு அடிமையாதலோடு ஒரே இனமாக வைத்தது. உலகச் சுகாதார நிறுவனத்தின் பட்டியலும் அவ்வாறே கொள்கின்றது. நம் வள்ளுவர் கள்ளுண்ணாமைக்கு அடுத்துச் சூதினையும், அதற்கு அடுத்து மருந்தினையும் வைத்தார். மருந்து அதிகாரம் பெரும்பாலும் உணவுமுறை பற்றியதே. ஆயினும் அவ்வரிசை நினைந்து மகிழத்தக்கது. இழக்குந்தோறும் சூதிலே விருப்பம் மிகுவதையும், துன்புறுந்தோறும் உடல்மேல் உயிருக்குப் பற்று மிகுவதையும் இணைத்து அவர் கூறியதனால், இதனை அறிவின் குறை என்று அவர் கருதவில்லை என்பது விளங்கும். நோய் என்பதனால் பொறுப்பு நீங்கிவிடாது. காய்ச்சல்காரனும் மருந்தைத் தானே விழுங்கவேண்டும்.

இனி மூன்றாவது வழிக்கு வருவோம். அதனைத் தேடி நாம் நெடுந்தூரம் போகவேண்டியதில்லை. காட்டுப்பள்ளிக்குத் தெற்கே, இதே கடற்கரையிலே திருவொற்றியூர் இருக்கின்றது. அங்கே கன்னிமாடத்திலே தவமிருந்த சங்கிலியார், பொன்னேரிப் பக்கத்து ஞாயிறு என்னும் ஊரிலே பிறந்த நம் நாட்டு மகளார். அவரை மணம் புரிந்த நம்பியாரூரர், உன்னைப் பிரியேன் என்று மகிழ மரத்தடியிலே சத்தியம் செய்தார். வசந்த காலம் வந்தது. திருவாரூர் நினைவு மேலிட்டது. ஒற்றியூர் எல்லையைத் தாண்டினார். இரு கண்களும் ஒளியிழந்தன.

ஆலாலசுந்தரராய்க் கயிலையிலிருந்து வந்த தம்பிரான் தோழரைச் சூதாடியோடு ஒப்பிடுகின்றோம் என்று எவரும் கொள்ளற்க. அது நம் கருத்தன்று. சொன்ன சொல் தவறியபின், அன்புடைய ஒருவரை இறைவன் எவ்வாறு நடத்தினான் என்ற முறைமையை மட்டும் கற்றுக்கொள்ள விழைகின்றோம்.

கண்ணிழந்த சுந்தரர் திருமுல்லைவாயிலைப் பணிந்து, திருவெண்பாக்கத்தை அடைந்து, கோயிலுள் நீர் இருக்கின்றீரோ என்று கேட்டார். இறைவன் மறைந்துகொள்ளவில்லை. இவனை அறியோம் என்று வேதத்துச் சூதாடியின் சுற்றத்தார் போலக் கைவிடவுமில்லை. கண்ணையும் அப்போதே கொடுத்துவிடவில்லை. ஓர் ஊன்றுகோலைக் கொடுத்தான். தான் உள்ளே இருப்பதை மட்டும் உணர்த்தி, வழி நடக்கச் சொன்னான். அங்கிருந்து காஞ்சிக்கு நடந்தார். ஏகம்பத்திலே இடக்கண் வந்தது. மற்றொன்று வரவில்லை. மேலும் நெடுந்தூரம் நடந்து திருவாரூரை அடைந்தபின்னரே வலக்கண் கிடைத்தது. முழுதும் வல்ல பெருமான், ஒரு கணத்திலே தரக்கூடியதை, கோலாகவும் ஒரு கண்ணாகவும் மறு கண்ணாகவும் பகுத்து, இடையிலே வழிநடையையும் வைத்துத் தந்தான்.

திருவெண்பாக்கத்தின் பழைய இடம் இன்று நீருக்குள் இருக்கின்றது. 1944இல் கட்டி முடிக்கப்பெற்ற பூண்டி நீர்த்தேக்கத்திற்காகக் கோயில் பூண்டியிலே எடுத்துக் கட்டப்பெற்றது. அங்கே தேக்கப்பெறும் கொசத்தலையாறுதான் எண்ணூர்க் கழிமுகம் வழியே காட்டுப்பள்ளிப் பக்கத்துக் கடலிலே வந்து சேர்கின்றது.

ஊன்றுகோல் என்பதனை நம் வீட்டு வழக்கிலே எவ்வாறு கொள்வது? வீட்டிலே சோறும் படுக்க இடமும் உண்டு என்று சொல்வது ஊன்றுகோல். நாங்கள் இருக்கின்றோம் என்று சொல்வது ஊன்றுகோல். அரசு மருத்துவமனையிலே மனநல மருத்துவரிடம் உடன் நடந்து செல்வது ஊன்றுகோல். 2022இல் தொடங்கிய அரசாங்க மனநல உதவித் தொலைபேசியின் எண் 14416. அதனைச் சுவரிலே எழுதிவைத்து, அவன் பேசும்வரை பக்கத்திலே இருப்பது ஊன்றுகோல். கையிலே பணம் கொடுப்பது ஊன்றுகோல் அன்று. கடன் இருந்தால், ஒளிக்காமல் முழுதும் எழுதச் சொல்லி, இரண்டு பெரியவர் முன்னிலையிலே கடன்காரரை அழைத்துப் பேசி, அவனுடைய உழைப்பிலிருந்தே தவணை போகும்படி, அவன் கைக்கு வராமல், வகை செய்தல் வேண்டும். வட்டிக்காரருக்கு மறைவாகப் பணம் கட்டி, ஊருக்குத் தெரியாமல் முடித்துவிட்டோம் என்று ஆறுதல் கொள்ளும் வீடுகளிலே கதை மீண்டும் தொடங்குவதை யாம் அறிவோம்.

ஒரு கண் என்பது, சரிபார்க்கக் கூடிய சிறிய பொறுப்பு. மீனை ஏலத்துக்குக் கொண்டு போகட்டும், பணத்தை மனைவி வாங்கட்டும். சம்பளம் வரும் செய்தி அவள் கைப்பேசிக்கும் வரட்டும். "என்னை நம்பவில்லையா?" என்று அவன் சினந்து கேட்பான். அதற்கு உண்மையான விடை, "இன்னும் முழுதும் நம்பவில்லை, நம்ப விரும்புகின்றோம்" என்பதுதான். நம்புவதாகப் பொய் சொல்லி இரவிலே சட்டைப்பையைத் துழாவுவதைவிட இது நேர்மை. அவன் தன் சொல்லாலே மீட்க முடியாததை நாட்களாலே மீட்கவேண்டும். மறு கண்ணுக்கு எத்தனை நாள் என்று நாம் வரையறுக்க இயலாது. காஞ்சிக்கும் ஆரூருக்கும் இடையிலே எத்தனை காதம்!

கடன் முழுதும் வெளிப்படும் நாளே மிகக் கொடிய நாள் என்பதையும் சொல்லியாக வேண்டும். சூதிலே தோற்று உயிர் துறந்தவர்களின் செய்திகளைப் படித்திருப்பீர்கள். மறைத்து வைத்தது வெளிப்பட்ட வெட்கத்தைத் தாங்க மாட்டாமையே பலரை அம்முடிவுக்குத் தள்ளுகின்றது. அன்று ஊர் நடுவிலே நிறுத்தித் திருடன் என்று ஏசுவது தகாது. அன்றிரவு அவனைத் தனியே விடவும் தகாது. கணக்கை மறுநாள் பார்த்துக்கொள்ளலாம்.

மனைவியரைப் பற்றி ஒரு சொல். கணவனை எப்படியும் நம்பவேண்டியது பதிவிரதையின் கடமை என்று சிலர் உபதேசிக்கின்றனர். தமயந்தியினும் பதிவிரதை யார்? நளன் புட்கரனோடு ஆடித் தோற்றுக்கொண்டிருந்தபோது, எவர் சொல்லும் அவன் காதில் ஏறாமை கண்டு, ஆட்டம் முடியும் முன்பே அவள் தேர்ப்பாகனை அழைத்து மக்கள் இருவரையும் தன் தந்தை நாட்டுக்கு அனுப்பிவிட்டாள் என்று வியாச பாரதம் கூறும். பின்னர்த் தான் மட்டும் ஓராடையோடு கணவன் பின்னே காடு சென்றாள். அவனோடு நின்றாள், குழந்தைகளைப் பணயத்துக்கு எட்டாத இடத்திலே வைத்தாள். இரண்டும் ஒரே அன்பின் செயல்கள். பிள்ளைகளின் படிப்புக்கான பணத்தைத் தனியே காப்பதும், மகளிர் குழுக் கடனை அவனுக்காக வாங்கிக் கொடுக்க மறுப்பதும் குற்றமல்ல. திருவாரூரிலே பரவையார் சங்கிலியார் திருமணம் கேட்டுச் சினந்து, சுந்தரரை வீட்டிற்குள் ஏற்க மறுத்தார். அவரை இறைவன் கடியவில்லை. தோழருக்காகத் தானே நள்ளிரவிலே தூது நடந்தான். அவர் மறுத்தார். திரும்பிச் சென்று அவ்விரவே இரண்டாம் முறையும் நடந்தான்.

உதவ முன்வருவோர்க்கும் ஒன்று கூறவேண்டும். நன்றி உடனே வராது. ஏச்சே முதலில் வரும். பணம் தராதவனைப் பகைவன் என்பான், மருத்துவரிடம் அழைத்தவனைத் தன்னைப் பைத்தியம் ஆக்கினவன் என்பான். பூண்டிக் கோயிலின் தலவரலாற்றிலே ஒரு செய்தி வழங்குகின்றது. கண் கேட்ட இடத்திலே கோல் கிடைத்தது கண்டு சுந்தரர் சினங்கொண்டு அக்கோலை வீசினாராம். அது நந்திதேவர்மேல் பட்டு ஒரு கொம்பு ஒடிந்ததாம். அங்கே வழிபடச் செல்லும் அன்பர்கள் சந்நிதி முன்னே சற்று நின்று பாருங்கள். ஒடிந்த கொம்போடு நந்தி இன்றும் அங்கேயே அமர்ந்திருக்கின்றார். பக்கத்திலே சுந்தரர் கோலை ஊன்றி நிற்கின்றார்.